முத்திரை பிடித்தும் மனசு அடங்கவில்லையே, ஏன்?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 47 வயது. வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு பார்க்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தூக்கி உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். தம்பி வெளியூரில் இருக்கிறான். தினமும் போனில் விசாரிப்பான். இரவு 11 மணிக்குப் படுத்தால் நடுவில் இரண்டு முறை அம்மாவுக்காக எழுந்திருக்க வேண்டும்.

ஆறு மாதமாக வீடியோ பார்த்து முத்திரை செய்கிறேன். காலை 4.30க்கு அலாரம். மூன்று முத்திரைகள், ஒவ்வொன்றும் டைமர் வைத்து 15 நிமிஷம். சின்ன வயதில் நாலு வருஷம் பரதம் கற்றிருக்கிறேன், அதனால் விரல்களைச் சரியாகத்தான் வைக்கிறேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறது. அம்மா கூப்பிடுகிறாரோ என்றே காது போகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் அன்று முழுக்கக் குற்ற உணர்வு. இப்போது வலது கட்டைவிரல் அடியில் வலி வேறு. "நம்பிக்கை இல்லாமல் செய்தால் பலிக்காது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மன அமைதிக்குச் சரியான முத்திரை எது? முத்திரை செய்வதால் பிபி மாத்திரையைக் குறைக்கலாமா? மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கட்டைவிரல் வலியைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வலி மணிக்கட்டின் ஓரமாக, கட்டைவிரல் தொடங்கும் இடத்தில் இருக்கிறதா? ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். அப்படியே மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். சுரீர் என்று இழுக்கிறதா? அப்படியானால் கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள், மணிக்கட்டில் தாங்கள் நுழைந்து போகும் உறைக்குள் உரசி வீங்கியிருக்கலாம். 1895இல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்னின் பெயரால்தான் இந்தக் கோளாறை மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கு இது அதிகம் வரும். நீங்கள் தூக்குவது குழந்தையை அல்ல, வளர்ந்த ஒரு மனுஷியை. அதற்கு மேல் தினமும் 45 நிமிஷம் அதே கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டும் உட்காருகிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்?

நான் மனநல ஆலோசகர், எலும்பு மருத்துவர் அல்ல. வலிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ ஒருமுறை கையைக் காட்டிவிடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய் உங்களை எழுப்புகிறது என்றால் அதையும் தவறாமல் சொல்லுங்கள், அது வேறு நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். அம்மாவைத் தூக்கும்போது கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம் என்று கவட்டை மாதிரி விரித்துப் பிடிக்காதீர்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, முன்னங்கையில் பாரத்தை வாங்குங்கள். திருப்பிப் படுக்க வைக்க, முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே ஒரு போர்வையை மடித்துப் போட்டு வைத்து, அதைப் பிடித்து இழுத்துத் திருப்பினால் பாதிச் சிரமம் குறையும். பிசியோதெரபிஸ்ட்டிடம் போகும்போது இதையும் நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

வலி அடங்கும் வரை விரல் நுனிகளை அழுத்தும் எந்த முத்திரையும் வேண்டாம். ஆறு மாதம் விடாமல் செய்ததை நிறுத்தச் சொன்னால் மனசு பதறும், தெரியும். முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. வலிக்காமல் செய்ய வழி இருக்கிறது, வருகிறேன்.

பரதம் கற்றிருக்கிறேன், அதனால் சரியாக வைக்கிறேன் என்கிறீர்கள். எனக்கென்னவோ சிக்கலே அங்கேதான் என்று படுகிறது. நாட்டியத்தில் ஒற்றைக் கை முத்திரைகள் மட்டும் 28 என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் கணக்குச் சொல்கிறது. அவையெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்காக. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மான் மானாகவும் மயில் மயிலாகவும் தெரிய வேண்டும், அதற்கு விரல் விறைப்பாக நிற்க வேண்டும். தியானத்தில் வைக்கும் கையை யாரும் பார்க்கப்போவதில்லை. உங்கள் விரல்கள் நாலு வருஷம் கற்ற பாடத்தை இன்னும் மறக்கவில்லை, விடியற்காலை இருட்டிலும் மேடையில்தான் நிற்கின்றன.

நானும் இதே தவறைச் செய்தவள்தான். எனக்கு முதலில் சின்முத்திரை சொல்லிக்கொடுத்த ஆசிரியர், நான் பிடித்திருந்த அழகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு செய்தித்தாளின் ஓரத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தார். "கீழேயும் விழக்கூடாது, நான் இழுத்தால் கிழியவும் கூடாது" என்றார். இழுத்தார், கிழிந்தது. மறுபடி ஒரு துண்டு. அதுவும் கிழிந்தது. நாலாவது துண்டுதான் கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த நாலாவது பிடியில் எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது: விரல் நுனிகள் தொடும் இடத்தில் நாடி மெல்லத் துடிப்பது. அழுத்திப் பிடித்திருந்த வரை அது தெரியவே இல்லை. வலி போன பிறகு இந்தக் காகிதச் சோதனையைச் செய்து பாருங்கள். அம்மாவையே இழுக்கச் சொல்லலாம். அவருக்கும் கைக்கு ஒரு வேலை, கொஞ்சம் சிரிப்பு.

சரி, மன அமைதிக்குச் சரியான முத்திரை எது? அதற்கு முன் முத்திரை என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். நாம் இதை எங்கெல்லாம் சொல்கிறோம்? தபால் உறையில் குத்துவது, பத்திரத்தில் பதிப்பது. எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியில் வைக்கிற அடையாளம் அது. கை முத்திரையையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உட்கார்ந்தாயிற்று, மூச்சு நிதானப்பட்டாயிற்று, இனி இந்தச் சில நிமிஷம் எனக்கு என்று முடிவு செய்தாயிற்று என்பதற்குக் கையால் வைக்கும் முத்திரை. உள்ளே கடிதமே இல்லாத உறையில் எத்தனை முறை முத்திரை குத்தினாலும் போய்ச் சேருவது வெற்று உறைதான்.

பழைய யோக நூல்களும் விரல்களை இவ்வளவு தூரம் பெரிதுபடுத்தவில்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை பத்து முத்திரைகளைச் சொல்கிறது. கேரண்ட சம்ஹிதை 25 சொல்கிறது. எடுத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை உடம்பு முழுவதையும் ஈடுபடுத்துபவை: மூச்சைக் கட்டுவது, தொண்டையையும் வயிற்றையும் சுருக்குவது, தலைகீழாக இருப்பது என்று. குருவிடம் நேரில் இருந்து கற்க வேண்டிய கடினமான சமாச்சாரங்கள். கட்டைவிரல் நெருப்பு, ஆள்காட்டி விரல் காற்று, நடுவிரல் ஆகாயம், மோதிர விரல் நிலம், சுண்டு விரல் நீர். இந்த விரலோடு அந்த விரலைச் சேர்த்தால் இன்ன நோய் போகும் என்று வீடியோக்களில் வரும் பட்டியலை ஒரு குறியீட்டு மொழியாக ரசிக்கலாம், தப்பில்லை. மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

சின்முத்திரையையே பாருங்கள். தட்சிணாமூர்த்தி சிலையின் கையில் பார்த்திருப்பீர்கள். ஆள்காட்டி விரல் உயிர், கட்டைவிரல் இறை, தள்ளி நிற்கும் மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை என்று சைவ சித்தாந்தம் விளக்கம் சொல்லும். மலங்கள் எனப்படும் இந்த மூன்று அழுக்குகளும் விலகி நின்றால் உயிர் இறையோடு போய்ச் சேரும் என்று ஒரு தத்துவத்தையே கையில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உள்ளங்கை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று யோகப் பள்ளிகளைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் சின்முத்திரை என்பதை இன்னொருவர் ஞான முத்திரை என்பார். அரை அங்குலம் பிசகினால் பலன் போய்விடும் என்றால் இத்தனை நூற்றாண்டில் இந்த வித்தியாசம் தீர்ந்திருக்காதா? வலது, இடது, மேலே, கீழே என்று இனி மனசை உழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் கைக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்கிறோம். 'கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்' என்கிறோம். மனசு படும் பாட்டைச் சொல்ல நமக்குக் கைதான் முதலில் வருகிறது. என் அறைக்கு வருகிறவர்கள் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லும்போது நான் முகத்தைவிடக் கையைத்தான் பார்ப்பேன். துப்பட்டா நுனி முறுக்கி முறுக்கிக் கயிறாகியிருக்கும். பேனா மூடி கழன்று கழன்று மாட்டும். கட்டைவிரல் நாலு விரல்களுக்குள்ளே ஒளிந்திருக்கும். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை மருத்துவர், விழிப்போடு இருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று குறித்துவைத்தார். 1937இல் அதை வெளியிட்டார். கைக்கும் முகத்துக்கும் மூளை ஒதுக்கியிருக்கும் இடம், முதுகுக்கும் காலுக்கும் ஒதுக்கியதோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. கட்டைவிரலுக்கு மட்டுமே தாராளமான பங்கு. அதனால்தான் அலைகிற கவனத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்க விரல் நுனி நல்ல இடமாக இருக்கிறது. முத்திரையில் எனக்குத் தெரிந்த பயன் இதுதான்: கவனத்துக்கு அது ஒரு இருக்கை. கூடவே, மனசு இப்போது எப்படி இருக்கிறது என்று காட்டும் கண்ணாடி.

இந்தக் கண்ணாடி வேலையை மிக அழகாகச் செய்வது தியான முத்திரை. மடியில் ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொரு உள்ளங்கை, இரண்டு கட்டைவிரல் நுனிகளும் லேசாகத் தொட்டபடி. புத்தர் சிலைகளில் பார்த்திருப்பீர்கள். ஜென் மடங்களில் இதற்கு ஒரு நுணுக்கம் சொல்வார்கள். கட்டைவிரல்கள் மேலே கூம்பி மலையாகவும் கூடாது, கீழே சரிந்து பள்ளத்தாக்காகவும் கூடாது. தூக்கம் வந்தால் அவை தானாகச் சரியும். மனசு எதையாவது பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினால் முட்டிக்கொண்டு மேலே எழும்பும். கண்ணை லேசாகத் தாழ்த்தினால் உங்கள் மனசின் நிலவரம் மடியிலேயே தெரிந்துவிடும். சரிந்திருந்தால் நிமிர்த்துங்கள், முட்டினால் தளர்த்துங்கள். அவ்வளவுதான் பயிற்சி. ஒரு தடவைக்கு முப்பது முறை சரிசெய்ய வேண்டியிருந்தாலும் அது தோல்வி ஆகாது, சரிசெய்கிற அந்த அசைவுதான் தியானம். வலி இருக்கும் வரை கட்டைவிரல்கள் தொடக்கூட வேண்டாம். ஒரு கையை இன்னொரு கையில் ஏந்தி, சும்மா வைத்திருங்கள். கீழே இருக்கிற கை மேல் கையின் பாரத்தைத் தாங்குவதை மட்டும் கவனியுங்கள். நாள் முழுக்க அடுத்தவரைத் தாங்கும் கை அது, கொஞ்ச நேரம் அதையும் ஒருவர் தாங்கட்டும்.

தொடுகிற உணர்வு சில விநாடிகளில் மங்கிவிடுகிறது என்று பயப்படாதீர்கள். தோலில் இருக்கும் பல உணர்விகள் மாறாத தொடுகையைச் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கட்டியிருக்கும் கைக்கடிகாரம் நினைவில்லாமல் போவது அப்படித்தான். விரலை ஒரு நூலிழை நகர்த்தினால் போதும், உணர்வு திரும்ப வரும். அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டித் தேட வேண்டியதில்லை. நீங்கள் ஆறு மாதமாக அப்படித்தான் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணை மூடினால் வரும் படபடப்புக்கு வருகிறேன். உங்களைப் போலவே இதைச் சொல்லி வருத்தப்பட்டவர்கள் நிறைய. 'எல்லாருக்கும் அமைதி வருகிறது, எனக்கு மட்டும் ஏன் பயம் வருகிறது?' என்று. தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். இரண்டு வருஷமாக உங்கள் காது அடுத்த அறையில் காவல் நிற்கிறது. ஒரு முனகல், கட்டில் கிறீச்சிடும் சத்தம், ஓடியாக வேண்டும். அப்படிப்பட்ட காவல்காரரைப் போய் 'கண்ணை மூடு, உலகத்தை மற' என்றால் அவர் இன்னும் விறைப்பாக நிற்பாரே தவிர, தூங்கப் போக மாட்டார். அவரோடு சண்டை வேண்டாம்.

கண்ணைத் திறந்தே செய்யுங்கள். அம்மா கண்ணில் படுகிற இடத்தில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். பார்வை தரையில் ஓர் இடத்தில் தாழ்ந்திருக்கட்டும். கைகள் மடியில். மூச்சை இழுக்க 4 எண்ணிக்கை, விட 6 எண்ணிக்கை. நாம் சாதாரணமாக நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இப்படி எண்ணினால் அது 6 பக்கம் வந்துவிடும். மூச்சை வெளியே விடும்போது இதயம் கொஞ்சம் நிதானிக்கிறது, உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் வேகம் எடுக்கிறது, இது உடம்பின் இயல்பு. அதனால்தான் விடும் மூச்சை நீட்டச் சொல்கிறோம். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகம் வேண்டாம். திருமந்திரத்தில் 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கு வருகிறது. அது படிப்படியாகப் பழகியவர்களுக்கு. பிபி இருக்கும் நீங்கள் வீடியோ பார்த்து முயல வேண்டாம். 4-6 எண்ணிக்கையும் மூச்சு முட்டுவது போல் இருந்தால் 3-4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அம்மா கூப்பிட்டால் எழுந்து போங்கள். திரும்பி வந்தால் தொடரலாம், வராவிட்டாலும் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இது சம்பிரதாய முத்திரைகளில் வராது, ஆனால் என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். வலது கையை நெஞ்சில் வையுங்கள், இடது கையை வயிற்றில். கையின் சூடு துணியைத் தாண்டி உள்ளே போகும் வரை காத்திருங்கள். 20 விநாடி போதும். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், மேடைப் பேச்சு, மனக்கணக்கு என்று ஆட்களைப் பதற்றப்படுத்தும் சோதனைக்கு முன்னால் சிலரை இப்படித் தங்களைத் தாங்களே 20 விநாடி தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். வேறு சிலரை இன்னொருவர் அணைத்துக்கொண்டார். சோதனைக்குப் பிறகு இந்த இரு சாராருக்கும், இவை எதையும் செய்யாதவர்களைவிடக் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக இருந்தது. சுவாரசியம் என்னவென்றால், இதயத் துடிப்பில் வித்தியாசம் இல்லை. 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலிலும் வித்தியாசம் இல்லை. மனசுக்குத் தெரியாமலே உடம்பு கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஒரே ஓர் ஆய்வுதான், அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் 'எனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே, அப்படியானால் பலன் இல்லை' என்று நீங்கள் தினமும் உங்களுக்கே மார்க் போட்டுக்கொள்கிறீர்களே, அதை நிறுத்த இது ஒரு காரணம். 'நம்பிக்கை இல்லாததால்தான் பலிக்கவில்லை' என்று சொன்னவரிடமும் கோபப்படாதீர்கள். நல்ல மனசோடு சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சு, முத்திரை பலிக்காத பழியையும் சேர்த்து உங்கள் தலையில் வைக்கிறது. ஏற்கெனவே அங்கே இடம் இல்லை.

இனி என் கண்டிப்பான யோசனை ஒன்று. அந்த 4.30 அலாரத்தை எடுத்துவிடுங்கள். 11 மணிக்குப் படுத்து, நடுவில் இரண்டு முறை எழுந்து, 4.30க்கு மறுபடி எழுந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்கூட இல்லை, அதுவும் துண்டு துண்டாக. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தூக்கம் கெட்ட மூளை சின்னச் சத்தத்துக்கும் துள்ளும், நெஞ்சு படபடக்கும், கவனம் நிற்காது. இவை சரியாக வேண்டும் என்றுதான் முத்திரை செய்ய ஆரம்பித்தீர்கள், அதற்கு நேரம் எடுத்ததோ தூக்கத்திலிருந்து. அந்த முக்கால் மணி நேரம் தூங்குங்கள். சுயபராமரிப்பு என்று நான் உங்களுக்கு எழுதிக்கொடுக்கும் முதல் மருந்து தூக்கம்தான். முத்திரை பகலில், ஏற்கெனவே இருக்கும் இடைவெளிகளில் போதும்: அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு நிமிரும்போது, கம்ப்யூட்டர் திறந்து வருகிற நேரத்தில், கை கழுவித் துடைத்த பிறகு. ஒவ்வொன்றும் ஆறு மூச்சு, ஏறக்குறைய ஒரு நிமிஷம். டைமர் வேண்டாம். ஒரு நாள் முழுக்க மறந்துபோனால், மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

தம்பி விஷயத்தில் நான் தலையிடக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. தினமும் விசாரிக்கிறார், நல்ல விஷயம். ஆனால் போனில் யாரும் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க முடியாது. 'நீயும் கொஞ்சம் பார்த்துக்கோடா' என்று பொதுவாகச் சொன்னால் 'சரிக்கா' என்று பதில் வரும், அதோடு சரி. தேதி சொல்லிக் கேளுங்கள். 'அடுத்த மாதம் இந்த வெள்ளியிலிருந்து திங்கள் வரை நீ வந்து இரு. அம்மாவை எப்படித் தூக்குவது என்று முதல் நாள் காட்டித் தருகிறேன். அப்புறம் மூன்று இரவு நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப்போகிறேன்.' வர முடியாவிட்டால் இரவுக்கு ஓர் உதவியாளரை வைக்கும் செலவில் பங்கு கேளுங்கள். கேட்பதற்கு முன் நெஞ்சில் கை வைத்து ஆறு மூச்சு விட்டுக்கொண்டால் குரல் நடுங்காது.

பிபி மாத்திரையைக் குறைக்கவே கூடாது. நிதானமான மூச்சுப் பயிற்சியால் சிலருக்கு ரத்த அழுத்தம் ஓரளவு தணிவது உண்மைதான். ஆனால் அளவைக் குறைப்பதா என்பதை அளந்து பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தினால் அழுத்தம் சத்தம் போடாமல் ஏறும். இதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கை: மாரடைப்பை நிறுத்தும் முத்திரை என்று ஒன்று சுற்றி வருகிறது. நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்று யாருக்கு வந்தாலும் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை, உடனே மருத்துவமனை. உங்கள் படபடப்பும் கண்ணை மூடும்போது மட்டும் வராமல் மாடி ஏறும்போதும் சும்மா இருக்கும்போதும் வருகிறது என்றால் இதயத்தையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் இப்படிப் படபடக்க வைக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, 'நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்' என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்க்கிறது என்றால் எனக்கு அடுத்த கடிதம் எழுதிக் காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் வருஷக்கணக்காக ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை எழுதுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மோதிரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முத்திரைக்காகக் கழற்ற வேண்டியதில்லை. அம்மாவைத் தூக்கும்போது அவர் தோலில் கீறிவிடாமல் இருக்க, அந்த வேலைக்கு முன் கழற்றி வையுங்கள். சோப்புப் போட்டும் கழற்ற முடியாத அளவுக்கு விரல் வீங்கியிருந்தால், கட்டைவிரலைக் காட்டப் போகும்போது அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.